மூன்று வார டீச்சர்

காத்மாண்டுவுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் கோதாவரி என்று ஓர் ஊர் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் கடைசியில் கானர் கிரெனன் என்ற அமெரிக்க இளைஞர் அங்கிருந்த ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வலராக வந்து சேர்ந்தார். உலகம் சுற்றக் கிளம்பியவர் அவர். பயணத்தின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் பிள்ளைகளோடு இருந்து ஏதாவது உதவி செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தார். இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாம் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அப்போது நேபாளத்தில் மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் உள்நாட்டுப் போர். 1996-இல் தொடங்கி 2006 வரை நடந்த போர் அது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிரெனன் மறுபடியும் ஒருமுறை வந்திருந்தபோது ஒரு பெண் தன் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வந்து நின்றார். இல்லத்தில் இருந்த இரண்டு பையன்களைப் பெற்ற தாய் அவர்.

விசாரித்துப் பார்த்தால் கதையே வேறாக இருந்தது. பிள்ளைகள் ஹும்லா மாவட்டத்துக்காரர்கள். நேபாளத்தின் வடமேற்கு மூலையில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது ஹும்லா. அந்தக் காலத்தில் அங்கே வண்டி போகிற சாலை கிடையாது. நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட்டுக்குப் போய், அங்கிருந்து நாள்கணக்கில் நடக்க வேண்டும். போர்க்காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படைக்குத் தரச் சொல்லி மாவோயிஸ்டுகள் கேட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு தரகர் வந்தார். பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்குக் கூட்டிப்போய் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். பெற்றவர்கள் இருந்ததை விற்று அவர் கையில் பணம் கொடுத்தார்கள். அதன் பிறகு பிள்ளைகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 2006-இல் கிரெனன் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பிள்ளைகளின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு ஹும்லாவுக்கு நடந்து போய், ஊர் ஊராகப் பெற்றோரைத் தேடினார். பலர் உயிரோடு இருந்தார்கள்.

வெளிநாட்டுக்குப் போய் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசைப்படும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது என்று நினைக்கிறேன். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுக்க வேண்டும் என்று இருபது வயதில் ஒருவருக்குத் தோன்றுவது நல்ல விஷயம். அந்த நல்ல மனசை வைத்து ஒரு வியாபாரம் எப்படி நடந்தது, பிள்ளைகளுக்கு உண்மையில் உதவுகிற வேலை எது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆதரவில்லாத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள், அதனால் இல்லங்கள் வந்தன என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். நேபாளத்தின் வரைபடத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கு இடிக்கும். நாட்டில் 77 மாவட்டங்கள். இந்தப் பிரச்சினை வெளியே வந்த காலத்தில், பதிவுபெற்ற இல்லங்களில் பத்தில் ஒன்பது பங்கு ஐந்தே மாவட்டங்களில் இருந்தன: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வான். முதல் மூன்றும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு. காஸ்கியில் இருப்பது போகரா ஏரி. சித்வானில் காண்டாமிருகக் காடு. சுற்றுலாப் பயணி எங்கெல்லாம் போவாரோ அங்கெல்லாம் இல்லங்கள் இருந்தன. போரிலும் பஞ்சத்திலும் அதிகம் அடிபட்ட, ஹும்லா இருக்கிற கர்ணாலி மலைப்பகுதியில் மிகக் குறைவு. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் அப்பாவோ அம்மாவோ, சிலருக்கு இருவருமேகூட, உயிரோடு இருந்தார்கள்.

கம்போடியாவிலும் இதே கதைதான். 2005-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 154-லிருந்து 269 ஆனது. அந்த ஐந்து ஆண்டுகளில் போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. அங்கோர் கோயில்களைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களின் கூட்டம்தான் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. அங்கும் இல்லங்களில் இருந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார்.

பெற்றவர்கள் எப்படிப் பிள்ளையை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். பதில் ஒரே வார்த்தைதான்: படிப்பு. நம் ஊரில் ஆங்கில வழித் தனியார் பள்ளி எதுவானாலும் ‘கான்வென்ட்’ என்கிறோம் இல்லையா, நேபாளத்தில் அதற்கு ‘போர்டிங் ஸ்கூல்’ என்று பெயர். தங்கிப் படிக்கும் வசதி இல்லாவிட்டாலும் அது போர்டிங் ஸ்கூல்தான். பிள்ளை போர்டிங்கில் படிக்கிறான் என்றால் அந்த வீட்டுக்கே ஒரு மதிப்பு. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வை அங்கே ‘இரும்புக் கதவு’ என்று சொல்வார்கள். அதைத் தாண்டினால்தான் வேலை, வாழ்க்கை எல்லாம். மலைக்கிராமத்துப் பள்ளியில் வாத்தியாரே பாதி நாள் இல்லை என்றால், காத்மாண்டுவில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்கிறவர் அந்தப் பெற்றோர் கண்ணுக்குக் கடவுள் மாதிரித்தான் தெரிவார். பிள்ளையின் மீது அன்பில்லாமல் அனுப்பியவர்கள் இல்லை அவர்கள். அன்பினால்தான் அனுப்பினார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

தரகர் அந்தப் பிள்ளைக்கு அப்பா அம்மா இறந்துவிட்டதாகப் போலிக் காகிதம் தயார் செய்வார். இல்ல நடத்துநர் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார். வெளிநாட்டிலிருந்து வருகிற தன்னார்வலர் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ‘நன்கொடை’க்கும் என்று பணம் கட்டுவார், ஊருக்குத் திரும்பிய பிறகும் மாதாமாதம் அனுப்புவார். பிள்ளைகள் மெலிந்தும் அழுக்காகவும் இருந்தால் வருகிறவர் கை இன்னும் தாராளமாகும். ஆகவே சில நடத்துநர்கள் அப்படியே வைத்திருந்தார்கள். எல்லா இல்லமும் இப்படி என்று சொல்லவில்லை. உண்மையிலேயே போக்கிடமில்லாத பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட இடங்களும் உண்டு. ஆனால் மூன்று வாரத்துக்கு வருகிற ஒருவரால் அது எது, இது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. கிரெனனாலேயே முதலில் முடியவில்லையே.

இன்னொன்றும் நடந்தது. அது கணக்கில் வராத சேதம். இப்படிப்பட்ட ஓர் இல்லத்துக்குள் நீங்கள் நுழைந்தால் நான்கு வயதுப் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். பெயர்கூடத் தெரியாத ஆளின் மடியில் ஏறி உட்காரும். ‘எவ்வளவு பாசம் பாருங்கள்’ என்று நமக்குத் தோன்றும். வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை புது ஆளைப் பார்த்தால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதுதான் இயல்பு. யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வது, யாரும் நிலைத்து இருக்காத இடத்தில் பிள்ளை தானாகக் கற்றுக்கொண்ட பிழைப்பு வழி. ஒருவர் வருவார், பழகுவார், விளையாட்டுக் காட்டுவார், மூன்றாவது வாரம் அழுதுகொண்டே டாட்டா சொல்லிவிட்டுப் போவார். அடுத்த திங்கட்கிழமை வேறொருவர் வருவார். வருஷத்துக்கு இப்படிப் பத்துப் பதினைந்து பிரிவுகள். தென்னாப்பிரிக்காவில் லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் என்ற ஆய்வாளர்கள் 2010-இல் இதைப் பற்றி எழுதி எச்சரித்தார்கள். பிள்ளை வளர்ப்பு தெரிந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

கொஞ்சம் கொஞ்சமாக உலகம் விழித்துக்கொண்டது. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நேபாளத்தை நிலநடுக்கம் உலுக்கி ஏறக்குறைய 9,000 பேர் இறந்தபோது, தரகர்கள் மறுபடி மலைக்குக் கிளம்புவார்கள் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோர் துணையில்லாமலும் அனுமதியில்லாமலும் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கூட்டிப்போகத் தடை வந்தது. புது இல்லங்களைப் பதிவு செய்வதும் நிறுத்தப்பட்டது. 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று, பிள்ளைகளை இப்படி இல்லங்களில் சேர்ப்பதை நவீன அடிமைமுறையோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமும் இல்லங்களுக்குத் தன்னார்வலர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் அனுப்புவதால் வரும் கேட்டைக் குறிப்பிட்டது. பெரிய பயண நிறுவனங்கள் சில, குழந்தைகள் இல்லங்களையே தங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன.

சரி, இல்லம் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாமே? அதில் என்ன கெடுதல்?

கெடுதல் அவ்வளவு இல்லை. பலனும் அவ்வளவு இல்லை. ஒரு மலைப்பள்ளியை மனசுக்குள் கொண்டுவாருங்கள். மூன்றாம் வகுப்பு. ஒரே பெஞ்சில் ஐந்து பேர். புதிதாக வந்த தன்னார்வலர் தன் பெயரைப் பலகையில் எழுதுகிறார். அப்புறம் தலை, தோள், முட்டி என்று உடல் உறுப்புகளைத் தொட்டுக்காட்டும் ஓர் ஆங்கிலப் பாட்டு. பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் அருமையாகப் பாடுகிறார்கள். ஏனென்றால் போன மாதம் வந்தவரும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார், அதற்கு முந்தைய மாதம் வந்தவரும் அதையேதான். அடுத்து வண்ணங்களின் பெயர். அதுவும் தெரியும். ஆனால் ‘எங்களுக்கு இது தெரியும் மிஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. விருந்தாளி மனசு நோகக் கூடாது என்று அந்த வயதிலேயே அவர்களுக்குத் தெரிகிறது. வகுப்பு வாத்தியார் வராந்தாவில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு இருக்கிறார். தன் பாடத்தில் மூன்று வாரம் பின்தங்கிவிடுவோம் என்ற கவலை அவருக்கு. அதே அறையில் கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணுக்கு நேபாளி எழுத்தே இன்னும் கூட்டிப் படிக்க வரவில்லை. வீட்டில் அவள் பேசுவது தாமாங் மொழி. அந்த நாட்டில் 120-க்கும் மேற்பட்ட தாய்மொழிகள் இருக்கின்றன. அவளுக்கு என்ன தேவை என்பது தன்னார்வலர் கண்ணில் படவே படாது. அதைக் கவனிக்கிற இடத்தில் அவர் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு எது உதவும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல பதில் கிடைத்திருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் செய்து பார்த்த வழி அது. பிள்ளைகளை வயதைப் பார்த்துப் பிரிக்காமல், இப்போது என்ன படிக்க வருகிறது என்பதைப் பார்த்துக் குழுவாகப் பிரிப்பார்கள். எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், சொல் படிப்பவர்கள் ஒரு பக்கம். அந்தந்த ஊரிலேயே கொஞ்சம் படித்த இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டு சொல்லிக்கொடுக்க வைப்பார்கள். 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இந்த வேலையை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள். எழுத்தே தெரியாத பிள்ளைகள், வந்து உட்கார்ந்தால், சில மாதங்களில் படிக்கத் தொடங்கினார்கள். இங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இல்லை, வெளிநாட்டுக்காரர்களும் இல்லை. பிள்ளையின் மொழி தெரிந்த, பிள்ளையின் வீடு தெரிந்த, நாளைக்கும் அங்கேயே இருக்கப்போகிற ஆட்கள்.

அப்படியென்றால் வெளியிலிருந்து போகிறவருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு முன்னால் நிற்கிற வேலையாக அது இருக்க வேண்டியதில்லை. பழைய அமைப்புகள் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. பிரிட்டனின் தன்னார்வலர் அமைப்பான வி.எஸ்.ஓ. 1958-இல் தொடங்கியபோது பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன்களைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. நாளாக ஆக, ‘எங்களுக்குத் தொழில் தெரிந்தவர்களை அனுப்புங்கள்’ என்ற குரல் அங்கிருந்தே வந்தது. பிறகு தகுதிபெற்ற ஆசிரியர்களை அனுப்பினார்கள். அவர்களையும் வகுப்பில் நிறுத்துவதைவிட, உள்ளூர் ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் நடத்தும் முறையை மேம்படுத்துவதுதான் பயன் தருகிறது என்று தெரிந்தது. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961-இல் தொடங்கியது, நேபாளத்துக்கு முதல் குழு 1962-இல் வந்தது. அவர்களுடைய காலக்கணக்கு 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் மொழி கற்பதற்கும் ஊர்ப்பழக்கம் தெரிந்துகொள்வதற்கும் போய்விடும், உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில்தான் தங்க வேண்டும். 27 மாதத்தில் மூன்று மாதம் கற்றுக்கொள்ளவே வேண்டியிருக்கிறது என்றால், மூன்று வாரத்தில் எவ்வளவு கற்பிக்க முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வி.எஸ்.ஓ. நேபாளத்தில் நடத்திய ‘சிஸ்டர்ஸ் ஃபார் சிஸ்டர்ஸ்’ திட்டம். தாதிங், லம்ஜுங், சுர்கேத், பர்சா மாவட்டங்களில் பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடாமல் இருக்கத் தொடங்கிய திட்டம் அது. பள்ளிப்படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி ‘பெரிய அக்கா’ ஆவாள். அவள் பொறுப்பில் சில சின்னத் தங்கைகள். தங்கை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால் அக்கா வீட்டுக்கே நடந்து போவாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா, மாதவிடாய் நாளில் கழிப்பறை இல்லாத பள்ளிக்குப் போகக் கூச்சமா, கல்யாணப் பேச்சு எடுத்திருக்கிறார்களா என்பதை அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசியே தெரிந்துகொள்ள முடியும். அந்த அடுப்படிக்குள் வெளிநாட்டுத் தன்னார்வலரால் போக முடியாது, போனாலும் அவரிடம் அந்த அம்மா இதையெல்லாம் சொல்லமாட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள் அக்காக்களுக்குப் பின்னால் நின்றார்கள். பயிற்சியும் பாடப்பொருளும் தயாரிப்பது, ஆசிரியர்களோடு உட்காருவது என்று அவர்கள் வேலை அங்கே இருந்தது. போட்டோவுக்கு ஒன்றும் தேறாது. ஆனால் பெண்பிள்ளை பள்ளியில் நிற்பது இப்படித்தான்.

கம்போடியாவில் டேனியலா பாப்பி என்ற அமெரிக்கப் பெண்ணின் அனுபவமும் சொல்ல வேண்டியதுதான். 2005-இல் நண்பர்களோடு சேர்ந்து நாட்டின் குறுக்கே சைக்கிள் ஓட்டிப் பணம் திரட்டி ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். கட்டடம் எழுந்துவிட்டது, உள்ளே கற்றல் நடக்கவில்லை. கட்டடம் பிள்ளைக்குப் பாடம் சொல்லாது, ஆள்தான் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர்கள் தொடங்கிய பெப்பி அமைப்பு கட்டடம் கட்டுவதை விட்டு, ஆசிரியர்களுக்கும் மேல்படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கும் உதவும் பக்கம் திரும்பியது. வெளிநாட்டவர் வழிவிட்டுப் பொறுப்பு கம்போடியர்கள் கைக்கே போனது. பாப்பி பிறகு ஊர் ஊராகப் போய், வெளிநாட்டுக்குச் சேவைக்குப் போகிறவர் முதலில் கற்றுக்கொள்ளப் போக வேண்டும் என்று பேசினார். தான் செய்தது சரியாக வரவில்லை என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறவர்கள் அதிகம் இல்லை. அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இனி, இதையெல்லாம் படித்த பிறகும் போக நினைப்பவர்களுக்கு. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை என்பதால், கிளம்புவது சுலபம். மற்ற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வந்து அனுமதி இல்லாமல் சம்பளமில்லாத வேலை செய்வதும் அங்கே சட்டப்படி குற்றம். ‘அதெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள்’ என்று ஓர் அமைப்பு சொன்னால், பிள்ளைகள் விஷயத்திலும் அவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்களைப் பற்றிக் காவல்துறைச் சான்று கேட்கவில்லை, பிள்ளைகள் பாதுகாப்பு பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பணம் கட்டியவுடன் ‘வாருங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள் என்றால் அங்கே போகாதீர்கள். உங்களைக் கேட்காதவர்கள் உங்களுக்கு முன்னால் வந்தவர்களையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பள்ளி நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். நேபாளத்தில் பள்ளி ஆண்டு ஏப்ரல் நடுவில், பைசாக் மாதம் தொடங்குகிறது, ஏறக்குறைய நம் சித்திரை. ஜூலையில் பல பள்ளிகளுக்கு மழை விடுமுறை, செப்டம்பர் அக்டோபர் பக்கம் தசைன் பண்டிகை விடுமுறை. நமக்கு லீவு கிடைக்கிற நாளில் அவர்களுக்கும் லீவாக இருந்தால் போய் என்ன செய்வது? லண்டனிலும் டொரொண்டோவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும்போதும் இதே சிக்கல் வருவதுண்டு. ஆகஸ்டில்தான் அவர்களுக்கு லீவு, இலங்கைப் பள்ளிகளின் இரண்டாம் தவணை விடுமுறையும் காலங்காலமாக ஆகஸ்டில்தான். ஆனால் இவர்களிடம் நேபாளம் போகிறவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. எழுதப் படிக்க வராவிட்டாலும் காதில் விழுகிற தமிழ் புரியும். பிள்ளையின் அம்மாவிடம் பேச முடியும். அது பெரிய கைமுதல்.

மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் பிள்ளைகளோடு வேலை வேண்டாம். அமைப்பின் கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்துவது, கணினி பழுதுபார்ப்பது, நன்கொடையாளர்களுக்கு எழுதுவது, நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் போடுவது என்று எவ்வளவோ உண்டு. கணக்குத் தெரிந்த ஒருவர் பத்து நாள் உட்கார்ந்தால் சின்ன அமைப்பு ஒன்றின் ஒரு வருஷத் தலைவலி தீரும். இவற்றில் பாதியை வீட்டிலிருந்தே செய்யலாம், அந்தப் பயணச் செலவை அந்த ஊர் ஆசிரியர் ஒருவரின் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம்.

ஒரு தவணை முழுக்க இருக்க முடிகிறவர், ஆசிரியத் தொழில் தெரிந்தவர் போனால், முதல் வாரம் சாக்பீஸைத் தொட வேண்டாம். கடைசி பெஞ்சில் அந்தத் தாமாங் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வாத்தியார் எந்த இடத்தில் நேபாளியை விட்டுத் தாமாங்குக்குப் போகிறார், எந்தப் பிள்ளை பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறது, மணி அடித்ததும் யார் வீட்டுக்கு ஓடுகிறார்கள், யார் புல் அறுக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். சாயங்காலம் வாத்தியாரோடு டீ குடிக்கும்போது, நாளைக்கு எந்தப் பாடத்துக்கு என்ன செய்து தர வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.